பனிஹால் வரை ஒரு டிக்கெட்

ஸ்ரீநகர் ரயில் நிலையம் நகரத்துக்குள் இல்லை. தெற்கே நவ்காமில், கடைத்தெரு முடிந்து வயல் தொடங்குகிற இடத்தில் இருக்கிறது. லால் சௌக்கிலிருந்து ஆட்டோவில் போனால் வழி நெடுகக் கவச வண்டிகளும் முள்கம்பிச் சுருள்களும் வந்துகொண்டே இருக்கும். நிலைய வாசலில் பையைத் திறந்து காட்டி, உடம்பைத் தடவிச் சோதிக்க விட்டு, உள்ளே போனால் நம் ஊர் பாசஞ்சர் வண்டிக்குக் காத்திருக்கும் அதே கூட்டம். கல்லூரிப் பிள்ளைகள், மருந்துச் சீட்டும் எக்ஸ்ரே உறையும் பிடித்திருக்கும் குடும்பங்கள், சாக்குப்பையோடு வியாபாரிகள். அக்டோபர் கடைசி. ஃபெரன் அங்கிகள் வெளியே வந்துவிட்டன. அதற்குள் பிடித்துக்கொள்ளும் காங்டித் தணல்சட்டி இன்னும் வரவில்லை.

இந்தப் பாதையில் இப்போது வெளியூர்க்காரர்கள் ஏறுவது செனாப் பாலத்தைப் பார்க்க. 2025 ஜூனில் கத்ராவிலிருந்து ஸ்ரீநகருக்கு வந்தே பாரத் ஓடத் தொடங்கியபின், ஆற்றுக்கு மேல் 359 மீட்டர் உயரத்தில் நிற்கும் அந்த வளைவைப் படம் எடுக்காமல் யாரும் திரும்புவதில்லை. நான் அவ்வளவு தூரம் போகவில்லை. பாரமுல்லாவிலிருந்து வரும் உள்ளூர் வண்டியில் பனிஹால் வரைக்கும் டிக்கெட் எடுத்தேன். ஐம்பது ரூபாய்க்குள்தான். 2019 நவம்பரிலிருந்து சில மாதங்கள், மின்னஞ்சல் பார்ப்பதற்காகவே காஷ்மீரிகள் ஏறிப் போன பாதை இது. அந்த வண்டிக்கு அப்போது ‘இன்டர்நெட் எக்ஸ்பிரஸ்’ என்று பெயர் விழுந்திருந்தது.

நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2019 ஆகஸ்ட் 4 இரவு பள்ளத்தாக்கில் கைபேசி இணையம், வீட்டு பிராட்பேண்ட், கைபேசி அழைப்பு, தரைவழித் தொலைபேசி எல்லாம் ஒன்றாக நின்றன. மறுநாள் காலை, 370ஆவது பிரிவின் கீழ் மாநிலத்துக்கு இருந்த சிறப்பு நிலையை நீக்கும் முடிவு நாடாளுமன்றத்தில் அறிவிக்கப்பட்டது. செப்டம்பர் தொடக்கத்தில் தரைவழித் தொலைபேசிகள் திரும்பின. அக்டோபர் 14 அன்று போஸ்ட்பெய்டு எண்களில் பேச முடிந்தது. குறுஞ்செய்தி அன்றே மறுபடி நிறுத்தப்பட்டது. 2020 பிறந்த நள்ளிரவில்தான் அது வந்தது. ஜனவரி கடைசியில் 2ஜி வேகத்தில், அரசு அனுமதித்த தளங்களுக்கு மட்டும் இணையம். மார்ச் 4 அன்று அந்தத் தளக் கட்டுப்பாடு நீங்கியது. கந்தர்பால், உதம்பூர் இரண்டு மாவட்டங்களில் 2020 ஆகஸ்டில் சோதனையாக 4ஜி கொடுத்தார்கள். மற்ற இடங்களுக்கு அது 2021 பிப்ரவரி 5 அன்றுதான் வந்தது. பதினெட்டு மாதம். ஜனநாயக நாடு எதிலும் இவ்வளவு நீண்ட முடக்கம் அதுவரை நடந்ததில்லை என்று அப்போது பரவலாக எழுதப்பட்டது.

பனிஹால் பீர் பஞ்சால் மலைக்குத் தெற்கே, ஜம்மு கோட்டத்தின் ராம்பன் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே பிராட்பேண்ட் இணைப்பு வந்திருந்தது. ஆகஸ்ட் தொடக்கத்தில் நிறுத்திய ரயிலை நவம்பர் நடுவில் மறுபடி ஓட்டினார்கள். அதன்பிறகு காலை வண்டியில் போய், இணைய மையத்தில் வரிசையில் நின்று, ஒரு படிவம் நிரப்பி, மாலை வண்டியில் திரும்புவது ஆயிரக்கணக்கானவர்களுக்கு வழக்கமானது. மணிக்கு 300 ரூபாய் வரை கட்டணம் வாங்கினார்கள் என்று அந்தக் குளிர்காலத்தில் செய்தி வந்தது.

வண்டி கிளம்பியது. பாம்பூர் தாண்டும்போது மேட்டு நிலங்களில் குங்குமப்பூ பூத்துக்கிடந்தது. காலையில் பறித்துவிட வேண்டிய பூ. குனிந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களின் முதுகு மட்டும் தெரிந்தது. எதிரில் உட்கார்ந்திருந்தவர் சோப்போர்க்காரர், ஆப்பிள் வியாபாரி, அறுபதைத் தாண்டியவர். குங்குமப்பூவின் விலையில் ஆரம்பித்து ஆப்பிளுக்கு வந்தோம். 2019 ஆகஸ்டைப் பற்றி நான் கேட்டதும் கொஞ்ச நேரம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு இந்தியில் சொன்னார்:

“ஜனாப், டெல்லி ஆசாத்பூர் மண்டியில் அன்றைக்கு என்ன விலை என்று தெரியாமல் லாரியை அனுப்புவது எப்படி என்று யோசித்துப் பாருங்கள். லாரி போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியாது. டிரைவர் திரும்பி வந்தால்தான் சேதி. முன்னெல்லாம் தந்தி அடிப்போம், கடுதாசி போடுவோம். அதையெல்லாம் நாங்களே விட்டுவிட்டோம். போன் இருக்கிறதே என்று விட்டுவிட்டோம்.”

அவர் சொன்னதில் கடைசி வாக்கியம்தான் என்னோடு வந்தது. பழைய காலத்தில் கம்பியை அறுத்தால் பேச்சு நிற்கும். பணம் கையில் இருக்கும், மருந்து கடையில் இருக்கும், பரீட்சைப் படிவம் பள்ளிக்கூடத்தில் இருக்கும். இருபது ஆண்டுகளில் ஒவ்வொன்றாக அந்தக் கம்பிக்குள் கொண்டுபோய் வைத்தோம். வைக்கச் சொன்னவர்கள் இரண்டு தரப்பு: வசதி என்று விற்ற நிறுவனங்கள், வளர்ச்சி என்று விளம்பரம் செய்த அரசுகள். ஒரு பொத்தானை அழுத்தி வங்கி, மருத்துவமனை, பள்ளி, சந்தை எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் நிறுத்தும் பலம் அரசுக்கு ஆயுதக் கிடங்கிலிருந்து வரவில்லை. நம் வாழ்க்கையை ஒரே வழியில் திருப்பிவிட்டதால் வந்தது. அந்த வழியை நோக்கி நம்மைத் தள்ளும் ஒவ்வொரு புதுச் செயலியும் இந்தப் பொத்தானின் எடையைக் கூட்டுகிறது. கைபேசி தொழில்நுட்பத்தின் மேல் எனக்கிருக்கும் சந்தேகம் முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கருவி கெட்டது என்று நான் நினைக்கவில்லை. மாற்று வழிகளை மூடிவிட்டு அதை மட்டும் நம்பச் சொல்வதை எதிர்க்கிறேன்.

அதன் சின்ன ருசி ஒன்று வெளியூர்ப் பயணிக்கும் இங்கே கிடைக்கும். ஜம்மு காஷ்மீருக்கு வெளியே வாங்கிய பிரீபெய்டு சிம் இங்கே வேலை செய்யாது; பாதுகாப்புக் காரணம் சொல்லி வைத்திருக்கும் விதி. என்னுடையது பிரீபெய்டு. தெரிந்தே வந்ததால் ரொக்கம் எடுத்து வந்திருந்தேன். ஆனாலும் தங்கியிருந்த இடத்தில் வைஃபை கிடைத்தபோது வங்கிச் செயலியைத் திறந்தால், என் எண்ணுக்குக் குறுஞ்செய்தியில் ஓடிபி அனுப்பியிருப்பதாகச் சொல்லிவிட்டு அது காத்துக்கொண்டிருந்தது. கணக்கு என்னுடையது, பணம் என்னுடையது, கையில் அடையாள அட்டையும் இருக்கிறது. செயலிக்கு அதெல்லாம் போதாது. எனக்கு இது சில நாள் அசௌகரியம். காஷ்மீரில் 2019 ஆகஸ்டிலிருந்து குறுஞ்செய்தி இல்லாமல் வாழ்ந்தவர்களுக்கு வங்கிக் கதவே மூடியிருந்தது. வங்கிகளும் அரசுத் தளங்களும் அனுப்பும் இயந்திரக் குறுஞ்செய்திகளை மட்டும் டிசம்பர் 10 அன்று திறந்துவிட்டார்கள். பாதுகாப்புக்காக என்று கொண்டுவந்த ஓடிபி, நான்கு மாதம் சொந்தக்காரனையே வெளியே நிறுத்தியது.

அதே டிசம்பரில் இன்னொன்று நடந்தது. வாட்ஸாப் குழுக்களிலிருந்து காஷ்மீரிகள் வரிசையாகக் காணாமல்போனார்கள். டெல்லியிலும் துபாயிலும் இருந்த உறவினர்களின் திரையில் இன்னார் குழுவை விட்டு வெளியேறினார் என்று அறிவிப்பு வந்துகொண்டே இருந்தது. யாரும் வெளியேறவில்லை. 120 நாள் இணையத்தோடு தொடர்பில்லாத கணக்கை அழித்துவிடுவது நிறுவனத்தின் பொது விதி. ஆகஸ்ட் 5லிருந்து எண்ணினால் டிசம்பர் தொடக்கத்தில் அந்தக் கெடு முடிந்தது. விதியை எழுதியவர்கள், தொலைந்த கைபேசியையும் கைவிட்ட எண்ணையும் மனத்தில் வைத்து எழுதியிருப்பார்கள். ஓர் அரசு எழுபது லட்சம் பேரை ஒரே இரவில் ‘செயலற்றவர்கள்’ ஆக்கிவிடும் என்பது அவர்கள் கணக்கில் இல்லை. ஆனால் அப்போது இந்தியாவில் 40 கோடிப் பேர் அந்தச் செயலியைப் பயன்படுத்தினார்கள். இணைய முடக்கங்களைக் கணக்கெடுக்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின் பட்டியலில் 2018ஆம் ஆண்டு உலகெங்கும் பதிவானவை 196. அதில் 134 இந்தியாவில். இந்த எண்ணிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நிறுவனம் அந்த விதியை மாற்றாமல் இருந்ததை அலட்சியம் என்றுதான் சொல்வேன்.

அவந்திபோரா கடந்து, பிஜ்பெஹாராவின் சினார் மரங்கள் தெரிந்தன. இலைகள் துருநிறம் ஏறிப் பாதி உதிர்ந்திருந்தன. அனந்த்நாகில் கூட்டம் இறங்கி வேறு கூட்டம் ஏறியது. ஒரு பள்ளி ஆசிரியை என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வயது இருபத்து நான்கு, இருபத்தைந்து இருக்கும். பனிஹாலில் அவர் அக்காவைக் கொடுத்த வீடு. நான் தமிழ்நாடு என்றதும், எங்கள் ஊரில் நீட் தேர்வு வேண்டாம் என்று சொல்கிறார்களாமே என்று கேட்டார். அந்தப் பேச்சு நேராக அவர் கதைக்குள் போனது. 2019இல் அவர் பன்னிரண்டாம் வகுப்பு முடித்திருந்தார். டிசம்பரில் நீட் விண்ணப்பம் நிரப்ப, அப்பாவோடும் மூன்று தோழிகளோடும் இதே வண்டியில் பனிஹாலுக்குப் போயிருக்கிறார்.

“மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் எங்களுக்காகக் கம்ப்யூட்டர் வைத்திருந்தார்கள். அங்கே ரெண்டு நாள் போய் நின்றோம். வரிசை நகரவே இல்லை. அதனால்தான் ரயில். பனிஹாலில் முதல் தடவை உட்கார்ந்தபோது போட்டோ சைஸ் பெரிசு என்று தளம் திருப்பிவிட்டது. குறைத்து ஏற்றினோம். டெல்லியில் இருக்கிற மாமா பையனின் எண்ணைக் கொடுத்திருந்தோம், எங்கள் எண்ணுக்கு ஓடிபி வருமா என்று யாருக்கும் தெரியவில்லை. அப்பா அவனுக்குப் போன் செய்து எண்ணைக் கேட்டு, நான் தட்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பின்னால் நிற்கிறவர்கள் சத்தம் போட்டார்கள். அவர்களுக்கும் கடைசி வண்டி இருக்கிறதே.”

மருத்துவ இடம் கிடைக்கவில்லை. இணையம் இருந்திருந்தால் கிடைத்திருக்கும் என்று தான் சொல்ல மாட்டேன் என்றார். ஆனால் படித்துக்கொண்டிருக்க வேண்டிய மாதத்தில் படிவத்துக்காக அலைந்ததை மறக்க முடியவில்லை என்றார். பிறகு கொரோனா வந்தது. நாடு முழுக்கப் பிள்ளைகள் காணொளியில் படித்தபோது இவர் கல்லூரியில் சேர்ந்து 2ஜியில் படித்தார். முகம் அசையாது, குரல் மட்டும் விட்டு விட்டு வரும். பேராசிரியர் ஒருவர் காணொளியை விட்டுவிட்டுப் பாடத்தைக் குரலில் பதிந்து அனுப்பினாராம். இரவெல்லாம் இறங்கி, காலையில் கேட்க முடியும். கொரோனா தொடங்கிய 2020 மார்ச்சில் ஸ்ரீநகர் அரசு மருத்துவக் கல்லூரியின் அறுவைச் சிகிச்சைப் பேராசிரியர் ஒருவர், தீவிர சிகிச்சைக்கான கொரோனா வழிகாட்டுநெறியை இறக்க முடியாமல் தவிப்பதைப் பொதுவெளியில் எழுதினார். 24 எம்பி அளவுள்ள ஒரு கோப்பு. ஒரு மணி நேரம் ஆகியும் வந்து சேரவில்லை.

காசிகுண்ட் தாண்டி, ஹில்லர் ஷாஹாபாத் என்ற சின்ன நிலையம். அதற்கப்புறம் சுரங்கம். 2013இல் திறந்த பீர் பஞ்சால் ரயில் சுரங்கத்தின் நீளம் 11.2 கிலோமீட்டர். உள்ளே போனதும் பெட்டியில் பேச்சு குறைந்தது. தண்டவாளச் சத்தம் பேச விடவில்லை. மேலே ஜவகர் சுரங்கம், அதற்கும் மேலே கணவாய். பனிக்காலத்தில் வாரக்கணக்கில் பள்ளத்தாக்கை அடைத்துவிடும் மலையை இவ்வளவு தூரம் குடைந்தவர்களின் உழைப்பைப் பார்த்தால் கை கூப்பத் தோன்றுகிறது. மக்களை ஒருவரோடொருவர் சேர்க்க இத்தனை கோடியைச் செலவழிக்கும் அரசு, சேர்ந்த கையைப் பிரிக்க ஒரு பக்கக் காகிதம் போதும் என்று நினைப்பது எனக்கு வலிக்கிறது.

அந்தக் காகிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். 1885ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் ஐந்தாவது பிரிவை வைத்து 2017இல் மத்திய அரசு விதி எழுதியது. மாநில உள்துறைச் செயலர் அல்லது மத்திய உள்துறைச் செயலர் கையெழுத்திட்டால் இணையத்தை நிறுத்தலாம். அதை ஆராய ஒரு குழு உண்டு. மாநிலத்தில் அந்தக் குழுவின் தலைவர் தலைமைச் செயலர், உறுப்பினர்கள் சட்டச் செயலரும் இன்னொரு துறைச் செயலரும். ஒரே கட்டடத்தில் உட்காரும் அதிகாரிகள் ஒருவர் உத்தரவை இன்னொருவர் சரிபார்ப்பது என்று பொருள். 2023இல் புதிய தொலைத்தொடர்புச் சட்டம் வந்து, 2024 நவம்பரில் புது விதிகளும் வந்தன. உத்தரவை வெளியிட வேண்டும் என்பது எழுத்தில் ஏறியது; ஓர் உத்தரவு 15 நாளுக்கு மேல் செல்லாது என்ற 2020ஆம் ஆண்டுத் திருத்தமும் அதில் தொடர்ந்தது. குழுவின் அமைப்பு மாறவில்லை. நீதிபதி கிடையாது, மக்கள் பிரதிநிதி கிடையாது.

வெளியிட வேண்டும் என்ற அந்த விதி வந்ததற்கும் காஷ்மீர்தான் காரணம். ‘காஷ்மீர் டைம்ஸ்’ நாளிதழின் நிர்வாக ஆசிரியர் அனுராதா பாசின் 2019 ஆகஸ்டிலேயே உச்ச நீதிமன்றம் போனார். பத்திரிகை அச்சிட முடியவில்லை, செய்தியாளர்களோடு பேச முடியவில்லை என்பது அவர் முறையீடு. அந்த வழக்கில் முடக்க உத்தரவுகளின் நகலை நீதிமன்றத்தில் வைக்கவே அரசு தயங்கியது. 2020 ஜனவரி 10 தீர்ப்பில் மூன்று நீதிபதிகள் மூன்று முக்கியமான விஷயம் சொன்னார்கள்: இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் பாதுகாப்பு பெற்றவை, காலவரையின்றி முடக்கக் கூடாது, உத்தரவை மக்களுக்குக் காட்ட வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் இணையத்தைத் திறந்துவிடு என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. மே மாதம் 4ஜி கேட்டு வந்த வழக்கிலும் நீதிமன்றம் ஒரு சிறப்புக் குழுவிடம் முடிவை விட்டது. அதற்குத் தலைவர் மத்திய உள்துறைச் செயலர். மனுதாரர்கள் யார் மேல் குறை சொன்னார்களோ அவர்களிடமே மனு திரும்பிப் போனது.

தீர்ப்புக்குப் பின் ஜனவரியில் வந்த அனுமதிப் பட்டியலில் முதலில் 153 தளங்கள் இருந்தன, ஒரு வாரத்துக்குள் 301. இதைத் தாராளம் என்று பேசியவர்கள் உண்டு. இன்றைய ஒரு வலைப்பக்கம் தன் எழுத்துருவை ஓரிடத்திலிருந்தும், படத்தை இன்னோரிடத்திலிருந்தும், கட்டண வசதியை வேறு ஒரு முகவரியிலிருந்தும் இழுத்து வந்து சேர்க்கிறது. பட்டியலில் இருந்தது முதல் முகவரி மட்டும். அதனால் அனுமதித்த தளங்களும் பாதி எலும்புக்கூடாகத் திறந்தன. மாற்று வழியாக விபிஎன் போட்டவர்களைச் சாலைச் சோதனையில் நிறுத்திக் கைபேசியை வாங்கிப் பார்த்தார்கள். பிப்ரவரியில் விபிஎன் வழியாகச் சமூக வலைத்தளம் போனவர்கள் மேல் யுஏபிஏ என்ற பயங்கரவாதத் தடுப்புச் சட்டத்திலேயே வழக்குப் பதிந்தது காவல்துறை. எந்தத் தளங்கள் வேண்டும் என்று அரசு பட்டியல் போட, மற்றதெல்லாம் குற்றம் என்று ஆவது தணிக்கையின் தலைகீழ் வடிவம். தடை செய்ததைத் தவிர எல்லாம் அனுமதி என்பதே சுதந்திர நாட்டின் வழக்கம். அனுமதித்ததைத் தவிர எல்லாம் தடை என்று இந்திய மண்ணில் ஒரு பகுதி மக்கள் மட்டும் வாழ்ந்தார்கள். நாட்டின் மற்ற பகுதிகளில் நாம் அதைச் செய்தியாகக்கூடச் சரியாகப் படிக்கவில்லை.

பனிஹால் மலைக்கு நடுவே ஒடுங்கிய ஊர். நிலையத்திலிருந்து கடைத்தெரு கொஞ்சம் நடை. நெடுஞ்சாலையின் லாரிகள், பிரியாணிக் கடை, கம்பளிக் கடை, கைபேசி உறை விற்கும் கடை. விசாரித்துக்கொண்டு போனதில், அந்தக் குளிர்காலத்தில் இணைய மையம் நடத்திய ஒருவர் கிடைத்தார். இப்போது ஜெராக்ஸ், ஆதார் படிவம், பாஸ்போர்ட் போட்டோ. நான்கு கணினி வைத்திருந்தாராம். விடியற்காலை கடை திறக்கும் முன்பே வாசலில் ஆள் நிற்குமாம்.

“ஜிஎஸ்டி கட்ட வருவார்கள். விசா மெயில் பார்க்க வருவார்கள். ஒருத்தர் வந்தார், வெளிநாட்டில் வேலை. மெயிலைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். வேலையில் சேர வேண்டிய நாள் முடிந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவரிடம் காசு வாங்கவில்லை. மற்றவர்களிடம் வாங்கினேன். நன்றாகத்தான் வருமானம் வந்தது. இப்படி ஒரு வியாபாரம் மறுபடி வர வேண்டாம்.”

காஷ்மீர் வர்த்தக, தொழில் சபை அப்போது ஒரு கணக்கு வெளியிட்டது. ஆகஸ்ட் முதல் டிசம்பர் தொடக்கம் வரை 120 நாளில் பள்ளத்தாக்கின் இழப்பு 17,878 கோடி ரூபாய். ஊரடங்கு, போக்குவரத்துத் தடை எல்லாம் சேர்ந்த தொகை அது. இணையத்தின் பங்கு எவ்வளவு என்று பிரிக்க முடியாது. ஆனால் சால்வையின் படத்தை வாட்ஸாப்பில் அனுப்பி ஆர்டர் பிடித்த கைவினைஞரும், ஸ்ரீநகரில் புதிதாகத் தொடங்கிய மென்பொருள் நிறுவனங்களும் விழுந்ததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அந்த ஆகஸ்டில் ஸ்ரீநகரில் ஒரு சிறுநீரக மருத்துவர் கையில் பதாகையோடு பத்திரிகையாளர்கள் முன் நின்றார். காப்பீட்டு அட்டையைச் சரிபார்க்க இணையம் இல்லாததால் ஏழை நோயாளிகளுக்குச் சிகிச்சை நிற்கிறது என்று சொன்னார். சிறிது நேரத்தில் காவல்துறை அவரை அழைத்துக்கொண்டு போனது.

அரசின் வாதத்தை நான் ஒதுக்கவில்லை. பயங்கரவாதிகளும் அதே இணையத்தைத்தான் பயன்படுத்துகிறார்கள், வதந்தி உயிரைக் குடிக்கும், முடக்கியதால் சாவு தவிர்க்கப்பட்டது என்பது வாதம். காஷ்மீர் கண்ட ரத்தத்தைப் பார்த்தவர் எவரும் அதைக் கேலி செய்ய மாட்டார். ஆனால் ஒரு மருந்து வேலை செய்கிறது என்று சொல்பவர் நோயாளியின் குறிப்பையாவது வைத்திருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பத்துக்கான நாடாளுமன்ற நிலைக்குழு 2021 டிசம்பரில் கொடுத்த அறிக்கையைப் படித்துப் பாருங்கள். நாட்டில் எத்தனை முறை இணையம் முடக்கப்பட்டது என்ற பதிவேட்டைத் தொலைத்தொடர்புத் துறையும் வைத்திருக்கவில்லை, உள்துறையும் வைத்திருக்கவில்லை. முடக்கியதால் பலன் வந்ததா என்று எந்த ஆய்வும் செய்யவில்லை. ஆராயும் குழுவில் ஓய்வுபெற்ற நீதிபதி, மக்கள் பிரதிநிதி போன்றவர்களைச் சேருங்கள் என்று அதே நிலைக்குழு கேட்டது. நடக்கவில்லை. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்திலிருந்து ஜான் ரிட்சாக் 2019இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவில் இணையம் முடக்கப்பட்ட நாட்களில் வன்முறைப் போராட்டங்கள் குறையவில்லை, கூடவே செய்தன என்று கண்டது. தலைவர்கள் தொண்டர்களோடு பேசி அமைதிப்படுத்தும் வழி அடைபட்டால் கூட்டம் கூட்டமாகவே நடந்துகொள்ளும். இதற்கு ஓர் ஆய்வும் தேவையில்லை.

மணிப்பூரில் 2023 மே மாதத் தொடக்கத்தில் இணையத்தை நிறுத்தினார்கள். மே 4 அன்று பெண்களை நிர்வாணமாக ஊர்வலம் விட்ட கொடுமையின் காணொளி ஜூலை 19 அன்றுதான் வெளியே வந்தது. நாடு கொதித்தது, பிரதமர் பேசினார், கைதுகள் நடந்தன. இரண்டரை மாதம் அந்தப் பெண்கள் என்ன ஆனார்கள் என்று நாட்டுக்குத் தெரியாது. வதந்தியை அடைக்கிற கதவு உண்மையையும் சேர்த்தே அடைக்கிறது.

நம் வீட்டுக்கும் இது வந்திருக்கிறது. 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராகப் போனவர்கள் மேல் காவல்துறை சுட்டது; அன்றும் மறுநாளும் நடந்த துப்பாக்கிச்சூட்டில் 13 பேர் இறந்தார்கள். மே 23 அன்று தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களில் இணையத்தை நிறுத்த மாநில உள்துறை உத்தரவிட்டது. சுட்டது யார், எங்கிருந்து சுட்டார்கள், மருத்துவமனையில் யார் யார் கிடக்கிறார்கள் என்று ஊர் தேடிக்கொண்டிருந்த நாட்கள் அவை. கையெழுத்திட்டது அதே 2017 விதியின் கீழ்தான். ராஜஸ்தானில் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க, 2021 செப்டம்பரில் மாவட்டம் மாவட்டமாக இணையத்தை அணைத்தார்கள். போருக்கும் கலவரத்துக்கும் என்று வைத்த கருவி, பரீட்சைக் கூடம் வரை இறங்கிவிட்டது.

மாலை வண்டிக்கு நேரமிருந்தது. நிலையத்தில் அந்த ஆசிரியை அக்கா குழந்தையோடு வந்து நின்றிருந்தார். அவர் பள்ளியில் வருகைப் பதிவு கைபேசிச் செயலியில்தான் போட வேண்டும் என்று உத்தரவாம். போடுகிறார். அதோடு, கோடு போட்ட நோட்டிலும் தினமும் எழுதி வைக்கிறார். மாணவர்களிடம் அம்மா அப்பாவின் எண்ணைக் காகிதத்தில் எழுதி பென்சில் டப்பாவில் வைக்கச் சொல்லியிருக்கிறார். வீட்டில் தரைவழித் தொலைபேசியை எடுத்துவிடலாம் என்று தம்பி சொல்ல, அப்பா மறுத்துவிட்டாராம். ஆகஸ்ட் மாதமெல்லாம் உயிரற்றுக் கிடந்தாலும் முதலில் மணி அடித்தது அதுதான் என்பது அவர் கட்சி.

அரசிடம் என்ன கேட்பீர்கள் என்று கேட்டேன். இணையத்தை இனி நிறுத்தாதீர்கள் என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். அவர் அதைக் கேட்கவில்லை. அது தங்கள் கையில் இல்லை என்று ஏற்கெனவே முடிவுகட்டியவர் போலப் பேசினார். நீட்டுக்கு எல்லா மாவட்டத்திலும் ஒரு ஜன்னல் வேண்டும் என்றார். காகிதப் படிவம் கொடுக்க வேண்டும், கட்டணத்தை ரொக்கமாக வாங்க வேண்டும், முத்திரை குத்திய ரசீது தர வேண்டும். அவர் மாணவிகளில் மூன்று பேர் அடுத்த ஆண்டு எழுதப் போகிறார்கள். மூன்று பெண்களின் புகைப்படத்தையும் சரியான அளவில் குறைத்து, கையெழுத்தை ஸ்கேன் செய்து, ஒரு பென்டிரைவில் போட்டு இப்போதே வைத்திருக்கிறார். விண்ணப்பம் இன்றும் இணையம் வழியாக மட்டும்தான்.